சோரியாவுக்கு ரெண்டு சீட்டு: 1833ல் போட்ட கோட்டைத் திட்டாதீங்க!

ஸ்பெயின்னு சொன்னா நம்ம பசங்களுக்கு ரியல் மாட்ரிட், பார்சிலோனா, காளைச் சண்டை, தக்காளித் திருவிழா... அவ்வளவுதான். அந்த நாட்டு மாகாண எல்லையைப் பற்றி ஒரு பி.காம். மாணவன் எதுக்குய்யா எழுதணும்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. ஒரு கம்பெனி தன் கிளைகளை எப்படிப் பிரிக்கணும், பிரிச்ச பிறகு கிளைக்கு எந்த அதிகாரத்தைக் கொடுக்கணும், எதைக் கொடுக்கவே கூடாது... இந்த மூணு கேள்விக்கும் ஸ்பெயினைவிட நல்ல கேஸ் ஸ்டடி எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு சின்ன விளக்கம். நான் மாகாணம்னு சொல்வது அவங்க 'ப்ரொவின்சியா'. நம்ம கணக்கில் மாவட்டம்னு வெச்சுக்கலாம். மொத்தம் 50 இருக்கு. மாநிலம் மாதிரி இருப்பது வேற, அதுக்குத் தன்னாட்சிப் பகுதின்னு பேர், அது 17. இந்த ரெண்டையும் குழப்பிக்காம இருந்தா மீதி எல்லாம் எளிது.

இப்போ கால்குலேட்டரை எடுங்க.

2023 ஜூலையில் அங்கே நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. கீழவைக்கு மொத்தம் 350 இடம். மாட்ரிட் மாகாணத்துக்கு 37. சோரியா மாகாணத்துக்கு 2. மாட்ரிட் பெரிய ஊர், அதனால் அதிகம், சரிதானே என்று தோன்றும். மாட்ரிட்டில் அப்போது ஏறத்தாழ 68 லட்சம் பேர் இருந்தாங்க. 37ஆல் வகுத்தால் ஒரு எம்.பி.க்கு 1 லட்சத்து 84 ஆயிரம் பேர். சோரியாவில் ஏறத்தாழ 89 ஆயிரம் பேர். 2ஆல் வகுத்தால் ஒரு எம்.பி.க்கு 44,500 பேர். அதாவது ஒரு சோரியாக்காரரின் ஓட்டு, நாலு மாட்ரிட்காரர்களின் ஓட்டுக்குச் சமம்.

மேலவை இன்னும் கொடுமை. செனட்டில் பெரும்பாலானவர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். தீபகற்பத்தில் இருக்கிற ஒவ்வொரு மாகாணத்துக்கும் தலா 4 பேர். 89 ஆயிரம் பேருக்கும் 4, 68 லட்சம் பேருக்கும் 4. எழுபது மடங்குக்கு மேல் வித்தியாசம்!

இதைப் பற்றி அங்கே பேச்சு வரும்போதெல்லாம் ரெண்டு கோஷ்டி கிளம்பும்.

முதல் கோஷ்டி: "மாகாணம் என்பதே போலி. 1833ல் ஒரு அமைச்சர் மேசையில் உட்கார்ந்து, பிரான்ஸைப் பார்த்துக் காப்பி அடிச்சு, ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு. மொத்தமாக ஒழித்துக் கட்டு."

ரெண்டாவது கோஷ்டி: "மாகாணம்தான் அரசின் அஸ்திவாரம். அரசியல் சட்டத்திலேயே இருக்கு. கை வைக்காதே."

ரெண்டு பேரும் சொல்வது தப்பு. முதல் கோஷ்டி நிரபராதியைப் பிடித்து வைத்திருக்கிறது. ரெண்டாவது கோஷ்டி அந்த நிரபராதியின் முதுகுக்குப் பின்னால் உண்மையான குற்றவாளியை ஒளித்து வைத்திருக்கிறது. என் கட்சி இதுதான்: மாகாணக் கோடு நல்ல வேலை செய்தது, இன்னமும் செய்யும். அநியாயம் கோட்டில் இல்லை. 1977ல், மக்கள் தேர்ந்தெடுக்காத ஒரு அரசு, அந்தக் கோட்டின் மேல் ஏற்றி வைத்த ஒரு விதியில் இருக்கு.

எப்படின்னு பார்ப்போம்.

கோடு போடுவதற்கு முன்னாடி

18ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் 'மாகாணம்' என்ற சொல் இருந்தது. ஆனால் அதுக்கு ஒரு ஒழுங்கு கிடையாது. தோரோ என்று ஒரு மாகாணம். அது ஒரே துண்டு நிலம் இல்லை, மூணு துண்டு. தோரோ ஒரு பக்கம், கர்ரியோன் இன்னொரு பக்கம், ரெய்னோசா வடக்கே மலைப் பக்கம். நடுவில் மற்ற மாகாணங்களின் நிலம். பல ஊர்கள் ராஜாவுக்கு நேரடியாக உட்பட்டவை, பல ஊர்கள் ஏதோ ஒரு பிரபுவுக்கோ மடத்துக்கோ உட்பட்டவை. எந்த ஊர் எதைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளவே புளோரிதாப்ளாங்கா என்ற அமைச்சர் 1785ல் தகவல் திரட்டச் சொல்லி, 1789ல் ஒரு பெரிய பட்டியலாக அச்சிட வேண்டியிருந்தது. நல்லா கவனிங்க, சீர்திருத்தம் செய்ய இல்லை. என்ன இருக்கு என்று தெரிந்துகொள்ள மட்டும்! ஸ்டாக் டேக்கிங் செய்வதற்கே நாலு வருஷம் ஆன கடை அது.

இந்த நிலைமையில் வரி யாரிடம் கட்டுவது, வழக்கை எங்கே கொண்டுபோவது, யாரிடம் மனு கொடுப்பது எல்லாமே ஊருக்கு ஊர் வேற. இதனால் கஷ்டப்பட்டது யார்? பிரபு இல்லை. விவரம் தெரியாத சாதாரண ஜனம்தான். குழப்பமான நிர்வாகம் எப்பவுமே செல்வாக்கு உள்ளவனுக்கு லாபம், இல்லாதவனுக்கு நஷ்டம். 'பழைய இயற்கையான எல்லைகள்' என்று இன்று கண்ணீர் விடுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

காப்பியா? நிஜமாவா?

பிரான்ஸ் 1790ல் தன் நாட்டை 83 கூறாகப் பிரித்தது. பழைய பெயர்களை அழித்து, ஆறு, மலை பெயர்களை வைத்தது. நெப்போலியனின் அண்ணன் ஜோசப் ஸ்பெயின் அரியணையில் உட்கார்ந்தபோது, 1810ல் அதே பாணியில் 38 கூறாகப் பிரித்து ஆணை போட்டார். போர் நடந்துகொண்டிருந்த காலம், அது பெரும்பாலும் காகிதத்தோடு நின்றது. 1812ல் காதிஸ் நகரில் கூடிய நாடாளுமன்றம் எழுதிய அரசியல் சட்டத்தில், 11ஆவது பிரிவு, நிலைமை சரியானதும் நாட்டை இன்னும் வசதியாகப் பிரிக்க ஒரு சட்டம் வரும் என்று வாக்குக் கொடுத்தது.

அந்த வாக்கை நிறைவேற்ற உட்கார்ந்தவர்கள் ரெண்டு பேர். ஃபெலிப்பே பௌசா, கடற்படை வரைபட நிபுணர். ஹோசே அகுஸ்தின் தெ லர்ரமெந்தி, சாலைப் பொறியாளர். இவங்க உழைப்பின் மேல் கட்டிய திட்டம் 1822 ஜனவரியில் 52 மாகாணங்களாகச் சட்டமானது. அடுத்த வருஷமே பிரெஞ்சுப் படை உதவியோடு ராஜா ஏழாம் பெர்னாண்டோ முழு அதிகாரத்தையும் திரும்பப் பிடித்தார். வரைபடத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டார். பௌசா லண்டனுக்குத் தப்பி ஓடினார். திரும்பி வரவே இல்லை, 1834ல் அங்கேயே இறந்தார்.

பெர்னாண்டோ 1833 செப்டம்பர் 29ல் செத்தார். அக்டோபர் 21ல் ஹவியேர் தெ புர்கோஸ் அமைச்சர் ஆனார். (பேரில் புர்கோஸ் இருந்தாலும் ஆள் புர்கோஸ் ஊர்க்காரர் இல்லை, தெற்கே கிரனாடா பக்கம் மோத்ரீல். லத்தீன் கவிஞர் ஹோரேஸை ஸ்பானிஷில் மொழிபெயர்த்தவரும் இவர்தான்.) நவம்பர் 30ல் ஆணை வந்துவிட்டது. 49 மாகாணம். பதவியேற்று நாற்பதே நாள்! நாற்பது நாளில் ஒரு தேசத்தின் வரைபடத்தைப் புதுசாக யாரும் வரைய முடியாது. அவர் கையில் எடுத்தது 1822ன் வரைபடத்தைத்தான். அங்கங்கே திருத்தி, கலத்தாயூத், வில்லாஃப்ராங்கா, ஹாதிவா போன்ற சில மாகாணங்களைக் கழித்துவிட்டு வெளியிட்டார்.

புர்கோஸ் ஜோசப்பின் ஆட்சியில் அல்மேரியாவில் அதிகாரியாக வேலை பார்த்தவர், பிரான்ஸில் அகதியாக இருந்தவர் என்பதெல்லாம் உண்மை. அதனால் 'பிரெஞ்சுக் காப்பி' என்ற பட்டம் எளிதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் வரைபடத்தைப் பாருங்கப்பா!

ஸ்கேல் வைத்துக் கிழித்திருந்தால் திரெவீன்யோ எப்படி இருக்கும்? புர்கோஸ் மாகாணத்தைச் சேர்ந்த சின்ன நிலப்பகுதி அது, சுற்றிலும் ஆலவா மாகாணம். தீவு மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கு. அதே மாதிரி அதெமூஸ் மூலை, வலென்சியா மாகாணத்தைச் சேர்ந்தது, ஆனால் வலென்சியாவோடு ஒட்டாமல் குவென்காவுக்கும் தெருவேலுக்கும் நடுவில் இருக்கு. எந்த முட்டாள் ஸ்கேல் வைத்து இப்படிக் கோடு போடுவான்? இவை அப்படியே விடப்பட்டதுக்குக் காரணம், பழைய உரிமைகளை முடிந்தவரை தொடாமல் விட்டதுதான். நவார்ராவையும் பாஸ்க் பகுதியின் மூணு மாகாணங்களையும் பழைய பெயரோடு விட்டார்கள். கத்தலோனியாவை நாலாக, அரகோனை மூணாக, கலீசியாவை நாலாகப் பிரித்தபோது பழைய ராஜ்ஜியங்களின் வெளி எல்லைகளைப் பெரும்பாலும் காப்பாற்றினார்கள். பழைய பெயரை அழித்த பிரான்ஸும், பழைய எல்லைக்குள் புதிய கிளை திறந்த ஸ்பெயினும் ஒண்ணா?

கோடு செய்த வேலை

அந்த ஆணையில் எனக்கு மிகவும் பிடித்தது 4ஆவது பிரிவு. இந்தப் பிரிவினை பொது நிர்வாகத்துக்கு மட்டும் இல்லை, ராணுவம், நீதிமன்றம், நிதித்துறை எல்லைகளும் இதற்கேற்பச் சரி செய்யப்படும் என்கிறது அது. அதாவது எல்லாத் துறைக்கும் ஒரே வரைபடம். வரிக்கு ஒரு ஊர், வழக்குக்கு இன்னொரு ஊர், மனுவுக்கு மூணாவது ஊர் என்று அலைய வேண்டாம்.

காமர்ஸ்காரனுக்கு இதன் அருமை புரியும். ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் தனித்தனி கிளைப் பட்டியல் வைத்துக்கொண்டால் கணக்கு எந்தக் காலத்திலும் டேலி ஆகாது. ஒரே கிளைப் பட்டியல் வந்த பிறகுதான் ஒரு நிறுவனம் நிறுவனமாகிறது. அடுத்த வருஷம், 1834ல், நீதிமன்ற வட்டங்கள் மாகாணங்களுக்குள் வகுக்கப்பட்டன. 1845ன் கல்வித் திட்டத்தால் மாகாணத் தலைநகரங்களில் அரசு மேல்நிலைப் பள்ளிகள் வந்தன. ஒரு விவசாயி மகனுக்குத் தன் மாகாணத் தலைநகரிலேயே பள்ளி என்பது சின்ன விஷயமா?

இன்னொரு முக்கியமான விஷயம்: இந்தக் கோடு கல்லில் வெட்டினது இல்லை. தப்பு தெரிந்தபோது மாற்றினார்கள். 1836ல் வில்லேனா அலிகான்தே மாகாணத்துக்குப் போனது. 1851ல் ரெக்கேனாவும் உத்தியேலும் குவென்காவிலிருந்து வலென்சியாவுக்கு மாறின. சாந்தா குரூஸும் லாஸ் பால்மாஸும் தலைநகர் யாருக்கு என்று பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டிய பிறகு 1927ல் கனாரித் தீவுகள் ரெண்டு மாகாணமாகப் பிரிந்தன. அப்படித்தான் 49 என்பது 50 ஆனது. கருவி என்றால் இப்படித்தான் இருக்கணும். தேய்ந்தால் சாணை பிடிக்கணும்.

ஜனங்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். 2000 வரை கார் நம்பர் பிளேட்டில் மாகாண எழுத்து இருந்தது. 'எம்' போட்டால் மாட்ரிட், 'எஸ்ஓ' போட்டால் சோரியா. பின்கோடு இன்றும் மாகாண அகரவரிசையில்தான் தொடங்குகிறது. ஆலவா 01, பார்சிலோனா 08, மாட்ரிட் 28, சரகோசா 50. 190 வருஷம் ஒரு முகவரி புழக்கத்தில் இருந்தால் அது போலி இல்லை சார், அதுதான் முகவரி.

கறை எங்கே வந்தது?

எல்லாம் பாலும் தேனும் என்று சொல்ல வரவில்லை. கோட்டுக்கு மேல் யாரை உட்கார வைத்தார்கள் என்பதில்தான் முதல் கறை.

1833ல் மாகாணத்துக்கு மாட்ரிட் அனுப்பிய அதிகாரிக்கு 'துணைப் பிரதிநிதி' என்று பெயர். பிறகு 'அரசியல் தலைவர்' ஆனார். 1849ல் 'சிவில் கவர்னர்' ஆனார். சாலை போடவும் பள்ளி திறக்கவும் அனுப்பப்பட்டவர், போகப் போக ஓட்டு சேகரிக்கும் ஏஜெண்ட் ஆகிவிட்டார்.

1876க்குப் பிறகு வந்த ஆட்சி முறையில் இது உச்சத்துக்குப் போனது. கானோவாஸ் கட்சியும் சகாஸ்தா கட்சியும் முறை வைத்து ஆண்டார்கள். வழக்கமாகத் தேர்தலில் ஜெயித்தவர்தானே ஆட்சிக்கு வருவார்? அங்கே தலைகீழ். ராஜா முதலில் ஆட்சியைக் கொடுப்பார், ஆட்சிக்கு வந்தவர் பிறகு தேர்தல் நடத்தி ஜெயிப்பார். உள்துறை அமைச்சர் மாட்ரிட்டில் உட்கார்ந்து எந்தத் தொகுதியில் யார் என்று கட்டம் கட்டி எழுதுவார். கவர்னர் அதை மாகாணத்தில் நடத்திக் காட்டுவார். கிராமத்தில் 'கசீக்கே' என்ற உள்ளூர்ப் பெரிய மனுஷர், வேலை, வரிச் சலுகை, ராணுவ விலக்கு எல்லாவற்றையும் காட்டி ஓட்டை வாங்கித் தருவார். 1923 வரை, தேர்தலை நடத்திய அரசுதான் ஏறக்குறைய எப்பவும் அந்தத் தேர்தலில் ஜெயித்தது! 1890ல் எல்லா ஆண்களுக்கும் ஓட்டுரிமை வந்த பிறகும் இதே கதைதான். ஹொவாக்கின் கோஸ்தா இதைத்தான் 1901ல் 'சிலராட்சியும் கசீக்கே ஆட்சியும்' என்று பெயர் வைத்து நாறடித்தார்.

கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தக் காலத்தில் பெரும்பாலான தொகுதிகள் ஒரு எம்.பி. கொண்ட சின்னத் தொகுதிகள். சின்னத் தொகுதியாக இருந்ததால்தான் ஒரு கசீக்கே அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள முடிந்தது. 1931ல் குடியரசு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று இதை உடைத்தது. மே மாதம் ஆணை போட்டு, மாகாணம் முழுவதும் ஒரே தொகுதி என்றார்கள், பெரிய நகரங்கள் தனித் தொகுதி. எத்தனை எம்.பி.? 50,000 பேருக்கு ஒருவர்.

இந்த வரியை மறுபடியும் படிங்க. மாகாணம்தான் தொகுதி. ஆனால் கணக்கு ஆள் எண்ணிக்கையில். சோரியாவோ மாட்ரிட்டோ, 50,000 பேருக்கு ஒருவர். அதே புர்கோஸ் கோடுதான், ஆனால் அநியாயம் இல்லை! அப்படின்னா இன்றைக்கு இருக்கும் அநியாயத்துக்கு 1833 எப்படிக் காரணமாகும்?

குற்றவாளி வருகிறார்

1975ல் பிராங்கோ செத்தார். அடுத்து தேர்தல் நடத்தணும். 1977 மார்ச்சில் சுவாரெஸ் அரசு ஓர் அவசர ஆணை போட்டது. கீழவையில் 350 இடம், மாகாணத்துக்குக் குறைந்தபட்சம் 2 இடம், மிச்சம்தான் மக்கள்தொகைப்படி. அந்த அரசை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஜனநாயகத் தேர்தலே அதுக்கப்புறம் ஜூனில்தான்! அந்த விதியால் கிராமப்புறச் சின்ன மாகாணங்களுக்கு எடை கூடியது. அங்கே பலமாக இருந்தது சுவாரெஸ் பக்கம்தான் என்பது யாருக்கும் ரகசியம் இல்லை.

1978 அரசியல் சட்டம் 68ஆவது பிரிவில் மாகாணமே தொகுதி என்றது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைந்தபட்ச இடம் உண்டு என்றது. ஆனால் அந்தக் குறைந்தபட்சம் 2 என்று அது சொல்லவில்லை. மொத்த இடம் 300 முதல் 400 வரை இருக்கலாம் என்று விட்டுவிட்டது. 1985 தேர்தல் சட்டம் வந்து பழைய 350, பழைய 2 ரெண்டையும் அப்படியே நகல் எடுத்தது. 50 மாகாணத்துக்கு 100, சியூத்தா, மெலில்லா நகரங்களுக்கு 2, ஆக 102 இடம் முதலிலேயே போய்விடும். ஆள் கணக்குப்படி பங்கு போடக் கிடைப்பது 248 மட்டுமே.

கம்பெனி சட்டம் படிக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் ஓட்டு எதை வைத்து? பங்கை வைத்து. கிளையை வைத்து இல்லை. "எங்க கிளையில் வாடிக்கையாளர் குறைவு, அதனால் எங்க கிளைக்கு ரெண்டு டைரக்டர் கண்டிப்பாக வேணும்" என்று ஒரு மேனேஜர் எழுந்து சொன்னால் என்ன செய்வோம்? கிளை என்பது சேவை கொண்டு சேர்க்க. ஓட்டு என்பது உரிமையாளருக்கு. ஜனநாயகத்தில் உரிமையாளர் மனுஷன், மாகாணம் இல்லை.

"காலியாகும் ஸ்பெயினுக்கு யார் குரல் கொடுப்பது?"

இந்த எதிர்வாதத்தை நான் லேசாகத் தள்ளப் போவதில்லை. உள்நாட்டுக் கிராமங்கள் உண்மையிலேயே காலியாகின்றன. 2019 மார்ச் 31ல் அந்த மாகாணங்களின் ஜனங்கள் மாட்ரிட்டுக்கே வந்து பேரணி நடத்தினார்கள். அதே வருஷம் நவம்பர் தேர்தலில் 'தெருவேல் எக்ஸிஸ்தே', அதாவது தெருவேல் என்று ஓர் ஊர் இருக்கிறது என்ற பெயரிலேயே ஒரு குழு நின்று ஒரு எம்.பி.யை அனுப்பியது. 2020 ஜனவரியில் பெத்ரோ சாஞ்செஸ் 167க்கு 165 என்று பிரதமரானபோது அந்த ஒரு ஓட்டும் அந்த 167ல் இருந்தது. பெரிய விஷயம்தான்.

ஆனால் கணக்கைப் பார்க்கணும். 1977லிருந்து இந்தக் கூடுதல் எடை இருக்கு. கிராமம் காலியாவது நின்றதா? நிற்கவில்லை. ஏன்? ரெண்டு, மூணு இடம் உள்ள மாகாணத்தில் வழக்கமாக முதல் ரெண்டு கட்சிகளுக்கு மட்டும்தான் இடம் கிடைக்கும். மூணாவது, நாலாவது கட்சிக்குப் போட்ட ஓட்டு வீண். ஆக அந்தக் கூடுதல் எடை சோரியாவின் விவசாயிக்குப் போகவில்லை. மாட்ரிட்டில் தலைமையகம் வைத்திருக்கும் ரெண்டு பெரிய கட்சிகளின் கணக்கில் வரவு ஆகிறது. விவசாயி பெயரில் கடன் வாங்கி வேறு யாரோ வீடு கட்டின மாதிரி! தெருவேல் குழுவின் அந்த இடமும் 2023ல் பறிபோனது. அரை நூற்றாண்டில் அந்த விதி தெருவேலுக்கு வாங்கித் தந்த சொந்தக் குரல் நாலு வருஷத்துக்குக் கூட வரவில்லை.

கிராமத்துக்கு வேண்டியது டாக்டர், ரயில், பள்ளி, இணையம். அதைக் கொடுக்கக் கருவி இருக்கு: மாகாண சபை. அங்கே 8,100க்கும் மேல் நகராட்சிகள் இருக்கு. அதில் ஏறத்தாழ 5,000ல் ஆயிரம் பேர்கூட இல்லை. அப்படிப்பட்ட ஊர் தனியாக ஒரு எஞ்சினியரை வேலைக்கு வைக்க முடியுமா? குப்பை லாரி வாங்க முடியுமா? மாகாண சபைதான் இவங்களுக்குக் கூட்டாகச் செய்து கொடுக்கிறது. 2016ல் சோஷலிஸ்டுகளும் சியுதாதானோஸ் கட்சியும் போட்ட ஒப்பந்தத்தில் மாகாண சபைகளை ஒழிப்பதாக எழுதினார்கள். முதல் கோஷ்டி கைதட்டியது. நான் தட்ட மாட்டேன். உதவும் கையை வெட்டிவிட்டு, ஏமாற்றும் ரெண்டு சீட்டை விட்டுவைப்பது என்ன சீர்திருத்தம்?

ஆனால் அந்த சபையிலும் ஓர் ஓட்டை இருக்கு. அதன் உறுப்பினர்களை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நகராட்சிக் கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். பணம் செலவழிக்கிற இடத்தில் ஓட்டு இல்லை, ஓட்டு சமமாக இருக்க வேண்டிய இடத்தில் மாகாணக் கணக்கு. அப்படியே தலைகீழாகப் பண்ணி வைத்திருக்காங்க!

என்ன செய்யலாம்?

1. மாகாணத்துக்குக் குறைந்தபட்சம் 2 என்பதை 1 ஆக்கு, மொத்தத்தை 400 ஆக்கு. அப்போது நிலையாகப் போவது 52 இடம், ஆள் கணக்கில் பங்கு போட 348 இடம். அரசியல் சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம், தேர்தல் சட்டத்தைத் திருத்தினால் போதும். இது என் கற்பனை இல்லை. அரசுக்கே ஆலோசனை சொல்லும் கவுன்சில் ஆஃப் ஸ்டேட் 2009ல் இதே வழியைக் காட்டியது. அப்படியே கிடக்கிறது.

2. மாகாண சபையை நேரடித் தேர்தலுக்குக் கொண்டு வா. பாஸ்க் மாகாணங்களில் மாகாணப் பேரவைக்கு ஜனங்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். அங்கே முடிந்தது சோரியாவில் ஏன் முடியாது?

3. எல்லையைத் திருத்தும் வழியை எளிதாக்கு. 1851ல் ரெக்கேனாவை மாற்ற முடிந்தது. இன்று ஒரு கிராமத்தை நகர்த்தவும் 141ஆவது பிரிவுப்படி நாடாளுமன்றத்தில் சிறப்புச் சட்டம் வேணும். அதனால்தான் ஆலவாவோடு சேரணும் என்று திரெவீன்யோ கேட்டுக்கொண்டே இருக்கு, நடக்கவில்லை.

4. செனட்டைத் தன்னாட்சிப் பகுதிகளின் அவையாக மாற்று. இதுக்கு அரசியல் சட்டத் திருத்தம் வேணும், அதனால் கடைசியில் வைத்திருக்கேன். 'நிலப்பகுதிகளின் பிரதிநிதித்துவ அவை' என்று சட்டமே அதற்குப் பெயர் வைத்திருக்கு. அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி இருக்கட்டும்.

ஒரு வேடிக்கையையும் சொல்லணும். 1997ல் சிவில் கவர்னர் பதவியை ஒழித்தார்கள். அதுக்குப் பதில் மாகாணத்தில் வந்த அதிகாரியின் பெயர் என்ன தெரியுமா? அரசின் 'துணைப் பிரதிநிதி'. 1833ல் புர்கோஸ் வைத்த அதே சொல்! ஓட்டு ஏஜெண்ட் வேலையெல்லாம் போய், நிர்வாக அதிகாரி மறுபடியும் நிர்வாக அதிகாரி ஆனார். பதவியை அதன் பழைய வேலைக்குத் திருப்ப முடிந்தது என்றால் மாகாணத்தையும் திருப்ப முடியும். அதன் வேலை சேவை. எம்.பி. சீட்டில் சலுகை வாங்கித் தருவது இல்லை.

ஆகவே மக்களே, அடுத்த தடவை யாராவது 'புர்கோஸ் கிழித்த கோடு' என்று ஆரம்பித்தால், 1931ல் அதே கோட்டின் மேல் 50,000 பேருக்கு ஒரு எம்.பி. என்று கணக்கு சரியாக வந்ததே, எப்படி என்று கேளுங்க. "மாகாணம் புனிதம்" என்று ஆரம்பித்தால், அந்த 2 என்ற எண்ணை எழுதினது யார், எந்த வருஷம், அவங்களுக்கு ஓட்டுப் போட்டது யார் என்று கேளுங்க. எனக்குத் தெரிந்து ரெண்டு கோஷ்டியிடமும் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் கால்குலேட்டரோட வாங்க, சண்டை போடுவோம்.